பிறந்ததை எழுதுவது சர்க்காரின் கடமை

கைக்குழந்தைக்குப் பிறப்புச் சர்டிபிகேட் வாங்கப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் லீவு போட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறார். “ஐயா கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வா” என்கிறார்கள். மறுநாள் போனால், “ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரவில்லை” என்கிறார்கள். மூன்றாம் நாள், “இது எங்கள் எல்லை இல்லை, பக்கத்து ஆபீசைப் பார்” என்கிறார்கள். வாசலில் நிற்கும் தரகர் அருகில் வந்து, “ஐந்நூறு கொடு, நான் முடித்துத் தருகிறேன்” என்கிறார். மூன்று நாள் சம்பளம் ஏற்கெனவே போய்விட்டது. நான்காம் நாள் சம்பளமும் போகாமல் இருக்க, தொழிலாளி கடன் வாங்கித் தரகர் கையில் பணத்தை வைக்கிறார்.

இந்தக் கதையைச் சொன்னால், “இது எனக்கு நடந்ததுதானே!” என்று கேட்காத தொழிலாளி நமது வாசகர்களில் குறைவு. வயல் வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே கதைதான். நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிவதே கஷ்டம். அதனால் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று காரியம் தள்ளிப்போகிறது. ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிகிறது.

அந்தக் காகிதம் உழைப்பாளிக்கு எதற்கு?

வயது என்பது உழைப்பாளிக்குக் கூலிப் பிரச்னை. 14 வயது முடியாத குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயது முடியாதவர்களை அபாயகரமான தொழிலில் இறக்கக் கூடாது என்று 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆனால் வயதை நிரூபிக்கக் கையில் காகிதம் இல்லாத வீட்டுப் பெண்ணை, “18 ஆகிவிட்டது” என்று ஒரு புரோக்கர் எழுதிக் கொடுத்தால் போதும். அவள் மில் விடுதியில் அடைக்கப்பட்டு முழு ஷிப்டு வேலை செய்வாள். சிறு வயதிலேயே அவளைக் கல்யாணம் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கும் அதே இருட்டுதான் துணை. ஆலை ரிஜிஸ்தரில் ஒரு தொழிலாளியின் வயதை இரண்டு வருஷம் கூட்டி எழுதிவிட்டால், இரண்டு வருஷச் சம்பளத்தை இழந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயதை முதலாளி எழுதுவதா, சர்க்கார் ஏடு எழுதுவதா என்பதே இங்கே கேள்வி.

2023-ல் மத்திய சர்க்கார் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் அமுலில் இருக்கிறது. அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ், கல்யாணப் பதிவு, சர்க்கார் வேலை, பாஸ்போர்ட், ஆதார் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சர்டிபிகேட்தான் ஆதாரம். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. வயதான தொழிலாளியிடம், “உன் பிறப்புச் சர்டிபிகேட் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது” என்று யாராவது மிரட்டினால், எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று தைரியமாகக் கேட்கலாம். ஆனால் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு இந்தக் காகிதம் இல்லையென்றால் பல கதவுகள் மூடிக்கொள்ளும்.

இவ்வளவையும் ஒரு காகிதத்தின் மீது ஏற்றிவைத்த சர்க்கார், அது ஒவ்வொரு குடிசைக்கும் போய்ச் சேர வழி செய்திருக்கிறதா என்று நாம் கேட்கிறோம்.

சட்டத்தைப் பார்த்தால், கடமை யாருடையது என்பது தெளிவாகவே இருக்கிறது. 1969-ம் வருஷத்துச் சட்டத்தின் 7-வது பிரிவு சொல்வதைத் தோழர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். வரும் தகவலைக் கட்டணமோ வெகுமதியோ வாங்காமல் பதிவாளர் ஏட்டில் எழுத வேண்டும். அதோடு, தன் எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் தாமே கவனமாக விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பெயர், எந்தெந்த நாளில் எந்தெந்த நேரத்தில் ஆபீசில் இருப்பார் என்ற விவரம் ஆகியவற்றை வட்டார மொழியில் எழுதி, ஆபீசின் வெளிக்கதவருகே எல்லோர் கண்ணிலும் படும்படி பலகை மாட்ட வேண்டும். உங்கள் ஊர் ஆபீசில் அந்தப் பலகை இருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவதாக, பிறந்த இடத்தில்தான் பதிவு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண்ணின் குழந்தை, புருஷன் ஊர் ஏட்டில் இருக்காது. பிரசவமான ஊர் ஏட்டில்தான் இருக்கும். கிராமப் பஞ்சாயத்தில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். முனிசிபாலிடி, மாநகராட்சிகளில் சுகாதாரப் பிரிவைப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. எழுத்து மூலமாகவும் சொல்லலாம், வாயால் சொன்னாலும் செல்லும். எழுதப் படிக்கத் தெரியாது என்பது தடையாகாது.

இரண்டாவதாக, 21 நாள் என்ற கணக்கை மறக்கக் கூடாது. அதற்குள் தகவல் போய்விட்டால் ஒரு காசும் செலவில்லை. பதிவு முடிந்து 7 நாளுக்குள், தகவல் கொடுத்தவருக்குச் சர்டிபிகேட்டை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன்பே, தகப்பன், தாய் பெயர்களையும் விலாசத்தையும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்று ஓர் எழுத்துத் தவறினால் பின்னால் பத்து நாள் அலைச்சல். ஏட்டில் ஏறிவிட்ட பிழையையும் ஆதாரம் காட்டித் திருத்த 15-வது பிரிவு வழி செய்கிறது.

மூன்றாவதாக, காலம் தவறிவிட்டால் கதவு அடைபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 30 நாள் வரை தாமதக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அதற்குமேல் ஒரு வருஷம் வரை, கட்டணத்தோடு ஜில்லாப் பதிவாளர் அல்லது சர்க்கார் குறித்த அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு வருஷமும் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு தேவை. அதற்கு, ஏட்டில் பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட ரிஜிஸ்தர் நகல், ரேஷன் கார்டு ஆகியவற்றைச் சேர்த்து மனுப் போடுங்கள்.

நான்காவதாக, பெயர் வைக்கவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் இலவசம். 15 வருஷம் வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பாத தாய் தனியாகவே குழந்தையைப் பதிவு செய்யலாம் என்பதை 2015-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. அவளை அவமானப்படுத்திக் கேள்வி கேட்க எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரம் இல்லை. பெற்றோரின் ஆதார் எண் “இருந்தால்” கொடு என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆதார் இல்லை என்று குழந்தையின் பிறப்பை மறுக்க முடியாது.

ஐந்தாவதாக, பதிவாளர் மறுத்தால் அத்தோடு முடிந்துவிடவில்லை. 30 நாளுக்குள் ஜில்லாப் பதிவாளரிடம் அப்பீல் செய்யலாம். அவர் 90 நாளுக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தகுந்த காரணமில்லாமல் பதிவு செய்ய மறுக்கும் பதிவாளருக்கே சட்டத்தில் அபராதம் உண்டு. ஆகவே எந்த மனுவையும் கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தேயிலை, காப்பித் தோட்டத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்டத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றிப் பதிவாளருக்குத் தகவல் கொடுப்பது தோட்ட மானேஜரின் சட்டபூர்வமான கடமை. கொழுந்து பறிக்கும் பெண் மலை இறங்கி வந்து கெஞ்ச வேண்டியதில்லை.

காகிதம் இல்லாதவர்களை ஆளும் வர்க்கம் என்ன செய்யும் என்பதைத் தோட்டத் தொழிலாளி வர்க்கம் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1948-ல் இலங்கை சர்க்கார் கொண்டுவந்த பிரஜா உரிமைச் சட்டம், “உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று நிரூபி” என்று மலையகத் தமிழ்த் தொழிலாளியைக் கேட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்களிடம் அதற்கான காகிதம் எங்கே இருந்தது? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு சர்க்கார்களும் பங்கு போட்டுக்கொண்டன. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று நீலகிரித் தோட்டங்களில் நம் தோழர்களாக இருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2019 ஆகஸ்ட் 31 அன்று அஸ்ஸாமில் வெளியான குடிமக்கள் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடுபட்டார்கள். காகிதம் கேட்கும் அதிகாரம் சர்க்கார் கையிலும், காகிதமின்மை ஏழையின் கையிலும் இருக்கும்வரை இந்த அபாயம் தீராது.

கிராமத்தில் இந்த ஏடு யார் கையில் இருந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழியும்வரை, அதிகாரம் ஒரு சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது. நிலம் வைத்திருந்தவர்களின் கையே ஏட்டையும் வைத்திருந்தது. சேரியில் குழந்தை பிறந்த சேதியைச் சொல்லப் பண்ணையாள் எந்த வாசலில், எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டியிருந்தது என்பதை நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அந்த அவமானத்துக்கு முடிவுகட்டப் பிறந்ததுதான் செங்கொடிச் சங்கம். முன்சீப் போய்விட்டார், தரகர் வந்துவிட்டார். ஏட்டை மக்களிடம் கொண்டுவரும் போராட்டம் இன்னும் முடியவில்லை.

நாம் சர்க்காரிடம் கோருவது இவைதான். ஆலை ஷிப்டும் வயல் வேலையும் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும், ஆலைக் குடியிருப்புகளிலும் சேரிகளிலும் தோட்ட லயன்களிலும் பதிவு முகாம் நடத்த வேண்டும். கர்ப்ப காலத்தில் கொடுக்கப்படும் பிக்மி எண் இல்லை என்று சொல்லி, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் குழந்தைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்த எண்ணைத் தேடிக் கொடுப்பது சுகாதார இலாகாவின் வேலை. ஏழைக் குடும்பங்களுக்குத் தாமதக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும். தரகர்களுக்கு இடம் கொடுக்கும் ஆபீசுகள் மீது நடவடிக்கை வேண்டும். காலியாகக் கிடக்கும் கிராம நிர்வாக அலுவலர், சுகாதார ஆய்வாளர் இடங்களை நிரப்ப வேண்டும். ஆள் பற்றாமல் திணறும் கீழ்நிலை ஊழியரும் உழைப்பாளியே. நம் சண்டை அவரோடு அல்ல.

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருப்பதற்கில்லை. ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, 21-வது நாள் எது, சர்டிபிகேட் கைக்கு வந்ததா என்று அதில் எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் மனுவை எழுதித் தரட்டும். தனித்தனியாகப் பத்துப் பேர் பத்து நாள் கூலியை இழப்பதைவிட, பத்து மனுவையும் சங்கப் பிரதிநிதி ஒருவர் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் போய் ரசீது வாங்கி வரட்டும். தனியாளைப் பார்த்து “நாளைக்கு வா” என்று சொல்லும் நாக்கு, சங்கத்தைப் பார்த்து அப்படிச் சொல்லத் தயங்கும்.

தோழர்களே! குழந்தை பிறந்த வீட்டுக்குச் சர்க்கரையும் கற்கண்டும் கொண்டு போவது நம் வழக்கம். இனி அங்கே போகும்போது, “ஏட்டில் ஏற்றியாயிற்றா?” என்ற கேள்வியையும் கொண்டு போவோம். உழைப்பாளி வீட்டில் பிறந்த ஒரு குழந்தையும் கணக்கில் வராமல் போகக் கூடாது. நம் பிள்ளைகளின் வயதை முதலாளியும் புரோக்கரும் எழுத இனி விடமாட்டோம்!