வட்டக்களரியும் மெய்நிகர் அரங்கும்

மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை மெய்நிகர் அரங்கிற்கு ஏற்றிவிட்டால் அதற்கு அழிவே இல்லை என வாதிடுவோர் இன்று உளர். ஆடுவோனின் அசைவுகளை மட்டும் பதிவு செய்துகொண்டு, உடையையும் அரங்கையும் பின்னர் கணினியில் வரைந்து கொள்ளலாம் என்பது அவர்தம் கருத்து. கூத்து யாது என்பதை அறியாதார் கூற்று இது.

கிரானிலும் அயலூர்களிலும் வழங்கிவந்த கூத்துக்களரி வட்டமானது. மண்ணால் உயர்த்திய அக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். சுற்றிலும் ஊர் அமர்ந்திருக்கும். முன்புறம் பின்புறம் என்ற பேதம் அங்கில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, வட்டக்களரிக் கூத்து ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குச் சென்றது. கற்றோர் மத்தியிற் கூத்துக்கு மதிப்பைத் தேடித்தந்த அப்பணி போற்றற்குரியது. எனினும், நாற்புறமும் நோக்கி ஆடியவன் ஒருபுறம் நோக்கி ஆடப் பழகினான் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மையாகும்.

மெய்நிகர் அரங்கிலோ காண்போன் எத்திசையும் திரும்பலாம். வட்டக்களரிக்கு மிக நெருங்கிய சாதனம் அதுவே. அவ்வாறிருக்க, அதனுள்ளும் படச்சட்ட மேடையையே வரைந்து வைப்பது பேதைமையன்றோ?

உடை பற்றிய தவறு இதனினும் பெரிது. வடமோடி அரசனின் கரப்புடுப்பு வெறும் அலங்காரமன்று. அதன் பாரமும் அகலமும் காலடியின் வேகத்தை வரையறுக்கின்றன. திரும்பும்போது அது வீசி எழுவதும் அடங்குவதும் ஆட்டத்தின் பகுதியேயாகும். உடலோடொட்டிய பதிவுச் சட்டையுடன் ஒருவனை ஆடவிட்டுப் பின்னர் உடுப்பை வரைந்து சேர்ப்பின், பாரம் சுமவாத கால்கள் பாரமுள்ள உடுப்பின்கீழ் ஆடும். காட்சி பொய்க்கும். ஆதலின் உடுப்பை அணிந்தாடும் நிலையிலேயே பதிவு அமைதல் வேண்டும். அன்றேல், அதே எடையுடைய கூட்டையேனும் அணிவித்தல் வேண்டும்.

அரங்கப் பொருள்களைக் குவிப்பதும் வேண்டாததே. அரண்மனையையும் வனத்தையும் கூத்தன் பாட்டாலும் ஆட்டத்தாலும் எழுப்புகின்றான். கணினி அவற்றைத் தீட்டிக் காட்டின் பாட்டுக்கு யாது வேலை? வரைய வேண்டியவை களரியும் ஒளியும் எதிர்ப்புறத்தே விழித்திருக்கும் ஊராரின் முகங்களுமே. பார்வையாளர் ஒருவரையொருவர் காண்பதும் கூத்தின் அங்கமாகும். கண்ணை மூடும் கருவிக்குள் தனித்திருப்பவனுக்கு அவ்வுறவை ஒருபோதும் முழுமையாகத் தரவியலாது என்பதையும் நேர்மையுடன் ஏற்றல் வேண்டும்.

கிரானுக்கு அண்மையில், வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. இத்துறையில் முயல்வோர் முதலில் நாடவேண்டியது கணினிக்கூடத்தையன்று. உடுப்புக் கட்டும் கைகளையும் அண்ணாவிமாரையுமே. அவர்களை ஆலோசகராக அன்றி ஆசிரியராக ஏற்று, ஆக்கத்தில் அவர்தம் பெயரையும் ஊதியத்தில் அவர்தம் பங்கையும் உறுதிசெய்தல் வேண்டும். அஃதின்றேல், எஞ்சுவது கூத்தன்று, கூத்தின் தோலே.