கடலைப் பாகும் கடன்வாங்கிய பெயரும்

எர்ணாவூரின் மளிகைக் கடைகளில் இன்று கடலை விழுது புட்டி புட்டியாய் அடுக்கப்பட்டிருக்கிறது. புட்டியின் மேல் ‘பீனட் பட்டர்’ என்று எழுதியிருக்கும். அவ்விழுதைப் பாகிலிட்டுக் கிளறிக் கட்டியாக்கினால் ‘பட்சு’ என்கின்றனர். மாவேட்டில் தடவிச் சுருட்டி அறுத்தால் ‘கேண்டி உரோல்’ என்கின்றனர். உள்ளிருப்பதோ நிலக்கடலை. திண்டிவனத்திலும், விருத்தாசலம் என்று பெயர் மாற்றப்பட்ட முதுகுன்றத்திலும், புன்செய்க் காடுகளில் தமிழுழவன் மண்ணைக் கிளறிப் பறித்தெடுக்கும் அதே நிலக்கடலை! பள்ளிச் சிறுவன் ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். தாயும் அப்பெயரைச் சொல்லியே வாங்கித் தருகிறாள். இன்னும் பத்தாண்டு சென்றால் விழுது என்றால் என்னவென்று அச்சிறுவனுக்கு அகரமுதலியைப் பிரித்துக் காட்ட வேண்டிவரும்.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளுவோர் தனித்தமிழ் அன்பரிடையேயும் உளர். ஆட்சிமொழி, கல்விமொழி, வழக்குமன்ற மொழி என்று பெரும்பெரும் சிக்கல்கள் கிடக்க, தின்பண்டத்தின் பெயருக்கா இத்துணை எழுத்து என்பர் அவர். ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அலுவலகக் கோப்புகளில் தமிழ் எவ்வளவு ஏறிற்று என்பது யாவரும் அறிந்ததே. அடுப்படித் தமிழோ எச்சட்டத்தின் துணையுமின்றி வழிவழியாக வாழ்ந்து வந்தது. கோப்பிலே தமிழில்லை என்றால் போராடிப் பெறலாம். அடுப்படியிலே போய்விட்டால் எவரிடம் சென்று கேட்பது?

பெயர் முந்திக்கொள்ளும் விரைவுக்கு எர்ணாவூரே சான்று. 2004ஆம் ஆண்டின் இறுதியில் கடல் பொங்கிக் கரையூர்களை வாரிச் சென்றது. வீடிழந்த மக்களுக்கு எர்ணாவூரில் அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. ‘ஆழிப்பேரலை’ என்னும் அழகிய தமிழ்ச்சொல் ஏடுகளில் இடம்பெற்றது. இன்றும் எழுதுவோர் எழுதுகின்றனர். ஆயினும் அக்குடியிருப்பு ஊரார் வாயில் ‘சுனாமிக் குடியிருப்பு’தான். சப்பானியச் சொல் செய்தியோடு சேர்ந்தே வந்துவிட்டது. தமிழ்ச்சொல் பின்னால் வந்தது. பின்னால் வந்த சொல்லுக்கு ஏட்டில் இடம் கிடைத்தது, நாவில் கிடைக்கவில்லை. தின்பண்டத்திலும் அதுவே நிகழ்கிறது. அன்று கடல் கொண்டுவந்த சொல்லை இன்று கடை கொண்டுவருகிறது.

அயற்பொருள் வரக்கூடாது என்று தனித்தமிழியக்கம் என்றும் சொன்னதில்லை. நிலக்கடலையே அயற்பொருள்தான். தென்னமெரிக்கக் கண்டத்தில் தோன்றிக் கடல்கடந்து வந்த பயிர் அது. மிளகாயும் உருளைக்கிழங்கும் அவ்வாறு வந்தவையே. வந்த பொருளை முன்னோர் கண்ணால் பார்த்தனர், கையால் தொட்டனர், நாவால் சுவைத்தனர், பிறகு பெயரிட்டனர். மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. உருண்டிருந்த கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. கொண்டைக்கடலையைப்போல் பருப்புடையதாய், ஆனால் மண்ணுக்குள் முற்றுவதாய் இருந்தது நிலக்கடலை ஆயிற்று. இச்செடியின் பூ மண்ணுக்கு மேலே பூத்துக் கருவுற்றபின், அதன் காம்பு கீழ்நோக்கி நீண்டு மண்ணைத் துளைத்துச் சென்று உள்ளே காயாகிறது. ஆகலின் வேரில் காய்ப்பதாகக் கருதி இட்ட ‘வேர்க்கடலை’ என்னும் பெயரினும் ‘நிலக்கடலை’ என்னும் பெயரே திருத்தமானது. தென்னார்க்காட்டு மக்கள் பிலிப்பைன்சுத் தீவின் மணிலா நகரை நினைந்து ‘மணிலாக் கொட்டை’ என்றனர்; அது ‘மல்லாட்டை’ என்று மருவி முற்றும் தமிழோசை பெற்றுவிட்டது. ஈழத்தமிழர் ‘கச்சான்’ என்பர். ஒரு பயிருக்கு இத்தனை பெயர் படைத்த மக்களின் வழிவந்தோர், அப்பயிரின் விழுதுக்கு ஒரு பெயர் சொல்லத் தெரியாது விழிப்பது வெட்கக்கேடு அன்றோ?

சொல்லாக்கம் செய்வோரும் இவ்விடத்தில் இடறியிருக்கின்றனர். ‘கடலை வெண்ணெய்’ என்று ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, தமிழாக்கிவிட்டதாக மகிழ்கின்றனர். அப்பொருளில் வெண்ணெய் ஒரு துளியும் இல்லை. பாலில்லை, தயிரில்லை, கடைதலும் இல்லை. கனடாவைச் சேர்ந்த மார்செலசு எட்சன் என்பார் 1884ஆம் ஆண்டு, வறுத்த கடலையை அரைத்துக் குழம்பாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வெண்ணெய்போல் இளகி இருந்ததால் ஆங்கிலர் வெண்ணெய் என்றனர். அஃது அவர்கள் கண்ட ஒப்புமை. ஆலந்து நாட்டிலோ பாலில் எடுத்த வெண்ணெயைத் தவிர வேறெதனையும் வெண்ணெய் என்று விற்கச் சட்டம் இடந்தரவில்லை. அந்நாட்டார் ‘கடலைப் பாலாடைக்கட்டி’ என்று பொருள்படப் பெயரிட்டுக்கொண்டனர். அவரவர் தத்தம் அடுப்படியிலிருந்து பெயர் எடுத்தனர் என்பதே இதிற் கொள்ளத்தக்கது. தமிழ் அடுப்படியில் அரைத்துக் குழைந்தது எதுவாயினும் விழுது: இஞ்சி விழுது, பூண்டு விழுது, புளி விழுது. எனவே அது கடலை விழுது. இதற்குச் சொல்லாக்கக் குழுவே வேண்டா. பாட்டியைக் கேட்டாலே போதும்.

‘பட்சு’ என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்க மகளிர் கல்லூரிகளின் மாணவியர் 1880களின் பிற்பகுதியில் தம் விடுதிகளில் காய்ச்சிப் பரப்பிய பண்டம் அது. அச்சொல்லுக்குப் புரட்டு, ஏய்ப்பு என்னும் பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. தமிழில் அதற்குப் பாகு என்னும் சொல் முன்னமே இருக்கிறது. சருக்கரையோ வெல்லமோ காய்ந்து குழம்பாவதும் பாகு. அதனோடு கூலப்பொடி கலந்து இறுகியதும் பாகு. ஆகவே கடலைப் பாகு. சுருட்டியது கடலைச் சுருள். முடிந்தது வேலை!

இனி, இடர்ப்பாடான இடம் ஒன்று உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு (திருவள்ளுவராண்டு 2051) புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணின் கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் சேர்ந்து அமைந்த சுவைக்கு நாடறிந்த ஏற்பு அது. ஆனால் ‘மிட்டாய்’ வடநாட்டுச் சொல். இந்தியும் உருதும் வழங்கும் சொல். பதிவேட்டிலேயே அச்சொல் ஏறிவிட்டது. அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய வேண்டும் என்பது தீவிர அன்பர் சிலரின் கருத்தாக இருக்கலாம். அது பிழையான வழி. மராட்டியத்துச் ‘சிக்கி’ பளபளக்கும் தாளில் சுற்றப்பட்டுத் தமிழகக் கடைகளை நிரப்பும் நாளில், கோவில்பட்டியின் சிறு தொழிலாளர்க்குக் கிடைத்த ஒரே வேலி அப்பதிவு. வேலியைப் பிடுங்கிவிட்டுப் பயிருக்குத் தூய பெயர் சூட்டுவதால் யாருக்கு ஆக்கம்? தமிழன் வயிற்றில் அடிக்கும் தூய்மை தமிழ்த்தூய்மை ஆகாது. பதிந்த பெயர் பதிவில் இருக்கட்டும். வீட்டில் செய்வது கடலைப் பாகு என்றே வழங்கட்டும். வழக்கு வலுப்பெற்றால் பதிவேடுகள் பின்னால் வரும். பாரி நிறுவனம் நெல்லிக்குப்பத்தில் நடத்திய இனிப்புத் தொழில் 2004ஆம் ஆண்டு கொரியாவின் லோட்டே நிறுவனத்துக்குக் கைமாறியதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலேயன் பெயரில் விற்ற பண்டம் கொரியன் பெயரில் விற்கிறது. தமிழ்ப் பெயருக்கு இரண்டு காலத்திலும் இடமில்லை. வாங்கித் தின்பவனுக்குப் பெயரிடும் உரிமை கிடைப்பதில்லை, செய்பவனுக்கே கிடைக்கிறது.

ஆகலின் வீட்டில் செய்க. செய்யும்போது எத்தனை சொற்கள் உயிர்பெறுகின்றன என்று பார்க்க.

அரை கிலோ தோலுரித்த நிலக்கடலையை முதலில் ஆய்ந்தெடுக்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதுவாயினும் எறிந்துவிடுக. ஈரம்பட்ட கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றிலும் அழியாதது. ஆய்ந்த கடலையை இருப்புச் சட்டியில் சூடான மணலிலிட்டு வறுத்தால் சூடு ஒருசீராய்ப் பரவும். மணலைச் சலித்து நீக்கி, ஆறியபின் உள்ளங்கையால் தேய்த்து முறத்திலிட்டுப் புடைத்தால் செந்தோல் பறந்துபோகும். முறத்தை மேலே தூக்கித் தட்டுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பெரியதையும் சிறியதையும் பிரிப்பது கொழித்தல். தெள்ளுதலும் நாவுதலும் வேறு. முறம் வைத்திருந்த வீடுகளில் இச்சொற்கள் பெண்பிள்ளைக்குப் பத்து அகவையில் தெரிந்திருந்தன. முறம் மறைந்தது, சொற்களும் மறைந்தன. அகரமுதலி தொகுத்த அறிஞர் எத்துணை உழைத்தும், கையசைவு இல்லாத இடத்தில் இச்சொற்களின் வேறுபாட்டை எழுத்தால் உணர்த்துவது அரிது.

அரைத்தலும் அப்படித்தான். இடித்தல் வேறு, பொடித்தல் வேறு, நுணுக்குதல் வேறு, மசித்தல் வேறு. தோல் நீங்கிய கடலையை மிக்சி எனப்படும் மின்னரைவையிலிட்டால் முதலில் பொடியாகும்; பிறகு திரளும்; விடாது அரைத்தால் தன் எண்ணெயைத் தானே கக்கிக் குழைந்து ஒழுகும். அதுவே விழுது. நீர் ஒரு துளியும் சேர்க்கலாகாது. சிறிது உப்பிட்டால் சுவை எடுத்துக் காட்டும். அம்மியிலும் அரைக்கலாம், தோள்வலிமை வேண்டும்.

வெல்லம் முந்நூற்றைம்பது கிராம். வெளிறி மஞ்சளாய் மின்னும் வெல்லம் வேதிப்பொருளிட்டு வெளுத்ததாய் இருக்கக்கூடும்; கருமை தோய்ந்த வெல்லமே நன்று. பனங்கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நன்று. குவளை நீரில் கரைத்து, மண் போக வடித்துக் காய்ச்சுக. இங்கேதான் தமிழ் அடுப்படியின் நுண்மை விளங்குகிறது. மேனாட்டார் வெப்பமானியைப் பாகில் நட்டு எண் பார்க்கின்றனர். தமிழ்ப்பெண் விரலிடையே தொட்டுக் கம்பிப் பாகு என்பாள்; தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து உருண்டைப் பதம் என்பாள்; உருட்டியதைத் தட்டில் எறிந்து ஓசை கேட்டுக் கெட்டிப் பாகு என்பாள். கோவில்பட்டியார் செய்யும் முறுமுறுப்பான கட்டிக்குக் கெட்டிப் பாகு வேண்டும். கடலைப் பாகுக்கு உருண்டைப் பதமே போதும்; அதைத் தாண்டினால் பல்லுடையும். பதம் வந்ததும் இறக்கிச் சுக்குப் பொடியும் ஏலப்பொடியும் தூவி, கடலை விழுதைச் சேர்த்துப் பளபளப்பு மங்கும்வரை விரைந்து கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்புக. இளஞ்சூட்டிலேயே கத்தியால் கீறிவிட வேண்டும். ஆறியபின் துண்டு துண்டாய் எடுக்கலாம்.

சுருளுக்கு அமெரிக்கர் உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெண்சருக்கரைப் பொடியை மலையாய்க் கொட்டிப் பிசைகின்றனர். அத்துணைச் சருக்கரை தேவையில்லை. சருக்கரைவள்ளிக் கிழங்கை அவித்து நார்போக மசித்து, நாட்டுச் சருக்கரையும் பொரிகடலை மாவும் கையில் ஒட்டாத அளவு சேர்த்துப் பிசைந்தால் போதும். நெய் தடவிய வாழையிலையில் அதை ஏடாய்த் தட்டி, மேலே கடலை விழுதைப் பூசி, பாய் சுருட்டுவதுபோல் இலையைப் பிடித்துச் சுருட்டுக. கத்தி நசுக்கும், நூலை இறுக்கி அறுத்தால் வட்டம் கெடாது. கிழங்கு சேர்ந்திருப்பதால் மறுநாளைக்குள் தின்றுவிட வேண்டும்.

கடலைப் பாகோ நாள்பட நிற்கும். ஆனால் எர்ணாவூரில் கடற்காற்று உண்டு. வெல்லம் ஈரத்தை இழுத்துக் கசியும். மூடி இறுகிய தகரப் பேழையில், துண்டுகளுக்கிடையே தாள் வைத்து அடுக்குவது நல்லது.

திருவொற்றியூர் மாசி விழாவில் கூடும் கூட்டத்தையும், மாலையில் ஆலைவிட்டு வெளிவரும் தொழிலாளரையும் எண்ணினால், வீட்டுப் பெண்டிர் நால்வர் கூடிச் செய்து விற்கவும் வாய்ப்புண்டு. விற்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின்மேல் ஒட்டும் சீட்டில் சட்டம் கேட்கும் செய்திகளை எந்த எழுத்தில் கேட்கிறதோ அந்த எழுத்தில் கீழே இடுக. மேலே, பெரிய எழுத்தில்: கடலைப் பாகு. அதனடியில்: நிலக்கடலை, வெல்லம், சுக்கு, ஏலம், நெய், உப்பு. செய்த இடம்: எர்ணாவூர்.