பண்ணைவீட்டுக் கல்வியும் பறிபோகும் பள்ளிகளும்

ஹைதராபாத் நகரின் மேற்கு எல்லையைக் கடந்து மொயினாபாத், சங்கர்பள்ளி, செவெல்லா என்று செல்லும் சாலைகளின் இருபுறமும் நிலம் விற்பனைக்கான விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. அவை நிலத்தை மட்டும் விற்கவில்லை. ஒரு வாழ்க்கை முறையையும் சேர்த்து விற்கின்றன. நகரத்துப் புகையிலிருந்து விடுதலை, சொந்தக் கையால் வளர்த்த காய்கறி, முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழி, இயற்கையோடு வளரும் பிள்ளைகள். தகவல் தொழில்நுட்பத் துறையில் பொருளீட்டிய ஒரு பிரிவினர் இந்த அழைப்பை ஏற்றுக் கிராமம் நோக்கிப் போகிறார்கள். அவர்களில் சிலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளி ஒரு சிறைச்சாலை, தோட்டமே வகுப்பறை, கோழிக்கூடே ஆய்வுக்கூடம் என்பது அவர்களது முழக்கம்.

இம்முழக்கத்துக்கு முற்போக்கு வட்டாரங்களிலும் அனுதாபம் உண்டு. மனப்பாடக் கல்வியையும், தனியார் பள்ளிகளின் கட்டணக் கொள்ளையையும், பயிற்சி மையங்கள் இளம் மனங்களை நசுக்குவதையும் கண்டு கொதிப்பவர்கள், இதில் ஏதோ ஒரு மாற்று இருப்பதாக நம்புகிறார்கள். எனவே இதனைப் பரிகசித்துவிட்டுக் கடந்து செல்ல இயலாது. அரசியல் ரீதியாகவே எதிர்கொள்ள வேண்டும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடலாம். பிள்ளைகள் விதை ஊன்றுவதையும் கோழிக்குத் தீனி வைப்பதையும் கம்யூனிஸ்டுகள் எதிர்க்கவில்லை. மண்ணைத் தொடாமல் வளரும் கல்வி குறைப்பட்ட கல்வி என்பதே நமது நிலை. நாம் எதிர்ப்பது, பொதுப் பள்ளியைக் கைவிடுவதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவதைத்தான்.

யாருடைய நிலம்?

மூசி ஆற்றில் 1908இல் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க 1996இல் அரசாணை 111 பிறப்பிக்கப்பட்டது. 84 கிராமங்களில் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளையும் பெரும் குடியிருப்புகளையும் அது தடை செய்தது. உழவர்கள் அந்தத் தடைக்குள் முடங்கிக் கிடக்க, பண்ணைவீடு என்ற பெயரில் செல்வந்தர்களின் மாளிகைகள் அதே கிராமங்களில் எழும்பின. 2022 ஏப்ரலில் அந்த அரசாணையின் கட்டுப்பாடுகளை நீக்கி அரசு ஆணையிட்டது. பயன் எந்த வர்க்கத்தின் மடியில் விழுந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இயற்கைக்குத் திரும்பும் குடும்பத்தின் தோட்டம் பெரும்பாலும், உழுது பிழைக்க முடியாமல் ஒரு சிறு உழவர் விற்ற நிலத்தில்தான் அமைந்திருக்கிறது. 2018இல் தெலங்கானா அரசு தொடங்கிய ரைத்து பந்து திட்டம், ஏக்கருக்குப் பருவம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று நிலத்தின் உரிமையாளருக்கு வழங்கியது. நில அளவுக்கு உச்சவரம்பு இல்லை. வார இறுதியில் வந்து செல்லும் பட்டாதாரருக்கு அப்பணம் கிடைத்தது. நிலத்தில் வியர்வை சிந்திய குத்தகை விவசாயிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கைமாறிய நிலத்தின் மீது அரசு மானியத்தோடு வளர்க்கப்படும் தோட்டத்தைத் தன்னிறைவு என்று அழைப்பது, உழைப்பை மறைக்கும் பழைய தந்திரமே.

ஒரே வேலை, இரண்டு பெயர்

பண்ணைவீடுகளில் உரிமையாளரின் குடும்பம் மட்டும் இருப்பதில்லை. காவல், தோட்டம், கால்நடை அனைத்தையும் பார்த்துக்கொள்ள ஓர் உழைப்பாளிக் குடும்பமும் பெரும்பாலும் வளாகத்தின் ஓரத்தில் குடியிருக்கிறது. இரு குடும்பங்களிலும் பத்து வயதுப் பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் பள்ளிக்குச் செல்லவில்லை. இருவரும் காலையில் கோழிக்கூட்டைத் திறந்துவிடுகிறார்கள், முட்டை எடுக்கிறார்கள், பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். முதல் பிள்ளை செய்வதற்கு அனுபவக் கல்வி என்று பெயர். இரண்டாவது பிள்ளை செய்வது குழந்தைத் தொழில்.

வேறுபாடு வேலையில் இல்லை. அந்த வேலைக்குப் பின்னால் நிற்கும் சொத்தில் இருக்கிறது. முதல் பிள்ளைக்கு ஆங்கிலம் பேசும் பெற்றோரும், புத்தகங்களும், இணைய வகுப்புகளும் உண்டு. பதினைந்து வயதில் மனம் மாறினாலும் தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் செல்ல வழி உண்டு. இரண்டாவது பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே வழியே இல்லை. அப்பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் மதிய உணவும், சாதி கடந்து பிற பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்காரும் உரிமையும் கிடைக்கும் ஒரே இடம் பொதுப் பள்ளிதான்.

இந்த உண்மையை ரங்காரெட்டி மாவட்டமே நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. 1991 முதல் அங்கு பணியாற்றிய மாமிடிப்பூடி வெங்கடரங்கைய்யா அறக்கட்டளை, சாந்தா சின்ஹாவின் வழிகாட்டுதலில் ஓர் எளிய கோட்பாட்டை முன்வைத்தது: பள்ளியில் இல்லாத ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளியே. வீட்டு வேலை, வயல் வேலை, ஆடு மேய்த்தல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் எதுவும் இதற்கு விலக்கல்ல. கூலிக்குப் போகும் பிள்ளைகளை மட்டுமே குழந்தைத் தொழிலாளர் என்று கணக்கிட்டுவந்த அரசின் வரையறையை அது உடைத்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இணைப்புக் கல்வி முகாம்கள் வழியாக வயல்களிலிருந்து வகுப்பறைகளுக்கு வந்தனர். தன்னார்வ நிறுவனங்கள் குறித்து நமக்குள்ள விமர்சனங்கள் வேறு. ஆனால், ஏழைப் பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பை விரும்புகிறார்கள் என்ற பொய்யை இந்த அனுபவம் தகர்த்தது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் ஏழைகள் பள்ளியையே தேர்ந்தெடுத்தார்கள்.

மோடி அரசு எதிர்த்திசையில் நடந்தது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் வேலை செய்வதை முற்றாகத் தடை செய்ததாகப் பறைசாற்றியது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்று விலக்கும் அளித்தது. குடும்பம் என்பதில் மாமன், அத்தை, சித்தப்பா, சித்தி அனைவரும் அடக்கம். தொகைக்குக் கோழி வளர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக் கொட்டகையும் குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கறிக்கோழியும் நிறுவனத்துடையது, கொட்டகையும் கடனும் உழைப்பும் மட்டுமே வளர்ப்பவருடையவை. அந்த உழைப்பில் பிள்ளையின் பங்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குடும்பமே சிறந்த பள்ளி என்ற பண்ணைவீட்டு முழக்கம், இத்தகைய சட்டத்துக்குத் தத்துவப் போர்வையாகப் பயன்படுகிறது.

குலக்கல்வியின் புதிய உடை

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1953இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். அதற்கும் அன்று அழகான நியாயங்கள் சொல்லப்பட்டன: கையுழைப்பின் மேன்மை, ஏட்டுக் கல்வியின் வறட்சி, வாழ்க்கையோடு இணைந்த கல்வி. மக்கள் ஏமாறவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று சரியாகப் பெயரிட்டார்கள். திராவிட இயக்கமும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து நின்றனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

தெலங்கானா மண்ணுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிஜாம் ஆட்சியின் வெட்டி முறையில் ஆட்டிடையர் ஆட்டையும், கள்ளிறக்குவோர் கள்ளையும், நெசவாளர் துணியையும் தேஷ்முக்குகளுக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். தந்தையின் தொழிலை வீட்டிலேயே கற்றுக்கொண்ட மகன், தந்தையின் அடிமைத்தனத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டான். 1946 முதல் 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டம் அந்தச் சங்கிலியை அறுத்தது. குடும்பத்துக்குள் அடைபட்ட கல்வி சாதியையும் வர்க்கத்தையும் மறுஉற்பத்தி செய்யும் என்பது நமக்கு நூல்கள் கற்பித்த கோட்பாடு மட்டுமன்று. போராட்டம் கற்பித்த பாடமும் ஆகும்.

இன்று குலக்கல்வி வேறு உடையில் வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நிகரான நிலைகளை வழங்கப்போவதாகக் கூறுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் திறந்தநிலைக் கல்வி எதற்காக? பள்ளிக்கு வராத பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் கடமையிலிருந்து அரசு நழுவுவதற்காக. 1993இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர்வாதியாக இருந்த உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் அது அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. 2010 ஏப்ரல் 1 அன்று கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை அனைத்தும் பிள்ளைக்குரிய உரிமைகள். பெற்றோரின் விருப்பச் சுதந்திரம் என்ற பெயரால் இவற்றைக் கரைத்துவிட அனுமதிக்க முடியாது.

சில குடும்பங்களின் விருப்பத்துக்கு இவ்வளவு எதிர்ப்பா என்று கேட்கப்படலாம். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் சமூகத்தில் குரல் உள்ள பிரிவினரின் வெளியேற்றம் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. ஒரு தலைமுறைக்கு முன் இப்பிரிவினர் அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்குச் சென்றனர். அரசுப் பள்ளியின் ஒழுகும் கூரையைப் பற்றிக் கேள்வி கேட்கும் வாய்கள் குறைந்தன. ஏழைகளும் கடன் வாங்கித் தனியார் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றினர். விளைவு கண்முன் நிற்கிறது: 2024–25 கல்வியாண்டில் ஒரு மாணவர்கூட இல்லாத பள்ளிகள் நாட்டில் ஏறத்தாழ 8,000, அவற்றில் 2,200க்கும் மேற்பட்டவை தெலங்கானாவில் உள்ளன. இப்போது பள்ளி என்ற கருத்தே தேவையற்றது என்ற இரண்டாவது வெளியேற்றம் தொடங்கியிருக்கிறது. மூடுவதற்குக் காரணம் தேடும் அரசுக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன?

யார் கற்பிப்பது?

வீட்டுக் கல்வியைப் போற்றுவோர் ஒரு கேள்வியைத் தவிர்க்கிறார்கள். வீட்டில் யார் கற்பிப்பது? பெரும்பாலும் தாய். வேலையை விட்டவர் அவர். சமையல், தோட்டம், கோழி, பாடம் நான்கையும் சுமப்பவரும் அவர். ஆசிரியர் என்பது ஊதியமும் பணிப் பாதுகாப்பும் சங்கமும் உள்ள ஒரு வேலை. பெண்கள் பொது வாழ்வில் நுழைந்த முதன்மையான வாயில்களில் ஒன்று. அந்த வேலையை அடுப்படிக்குத் திருப்பி அனுப்புவது மாற்றுக் கல்வியன்று. பெண்ணின் ஊதியமில்லா உழைப்பின் நீட்டிப்பு.

மார்க்ஸ் எதைச் சொன்னார்?

கல்வியோடு உழைப்பை இணைக்கச் சொன்னவர் மார்க்ஸ் அல்லவா என்று சில நண்பர்கள் வாதிடக்கூடும். ஆம், சொன்னார். ஆனால் எங்கே இணைப்பது என்பதையும் சொன்னார். 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, வீட்டுக் கல்வியின் இடத்தில் சமூகக் கல்வியை வைக்கிறீர்கள் என்ற முதலாளித்துவக் குற்றச்சாட்டை நேரடியாக எதிர்கொள்கிறது. அனைத்துப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிகளில் இலவசக் கல்வி என்பதையும், கல்வியை உற்பத்தியோடு இணைப்பதையும் ஒரே கோரிக்கையாக அது வைக்கிறது. 1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுக்கு மார்க்ஸ் எழுதிய வழிகாட்டுதல்கள் அறிவுப் பயிற்சி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றையும் ஒருங்கே வலியுறுத்தின. பிள்ளைகளால் தமக்காகப் போராட இயலாது; எனவே அவர்களின் உரிமையைச் சமூகமே சட்டத்தின் வழியாகக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஹைதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன் தலைமையில் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுகூடக் கைத்தொழிலைப் பள்ளிக்குள்ளேதான் வைத்தது.

தோட்டம் பள்ளிக்குள் வரட்டும்

எனவே நமது மறுமொழி வெறும் மறுப்பாக நிற்க முடியாது. ராஜேந்திரநகரில் உள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் ஏழைகளின் புறக்கடை வளர்ப்புக்காகவே வனராஜா, கிராமப்ரியா ஆகிய இனங்களை உருவாக்கியது. அது மக்கள் பணத்தில் விளைந்த பொது அறிவு. அந்த அறிவு பண்ணைவீட்டு முற்றத்தில் நிற்காமல் கிராமத்துப் பள்ளி வளாகத்துக்கு ஏன் வரக்கூடாது? ஏழை வீட்டில் கோழி இடும் முட்டை பெரும்பாலும் சந்தைக்குப் போகிறது. பிள்ளையின் தட்டுக்கு முட்டையை உறுதிசெய்வது பள்ளியின் மதிய உணவே. தமிழ்நாடு அதற்கு முன்னுதாரணம்.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. மாணவர் இல்லை என்று கூறி எந்த அரசுப் பள்ளியையும் மூடாதே. ஆசிரியரை நியமித்து, பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவா. ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் தோட்டத்துக்கான நிலத்தையும் நீரையும் வழங்கு. 2016 சட்டத்தின் குடும்பத் தொழில் விலக்கை நீக்கு. திறந்தநிலைப் பள்ளியைத் தொடக்கக் கல்விக்கு நீட்டிப்பதைக் கைவிடு. பண்ணைவீடுகள், செங்கற்சூளைகள், கோழிக் கொட்டகைகள் ஆகியவற்றில் தங்கியிருக்கும் உழைப்பாளிகளின் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அருகிலுள்ள பள்ளியில் சேர்.

இவை மனுவாக மட்டும் நின்றுவிட்டால் பயனில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமும், மாதர், மாணவர், ஆசிரியர் அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து கல்வியாண்டுத் தொடக்கத்தில் வீடு வீடாகச் செல்ல வேண்டும். பண்ணைவீட்டின் வேலி வரை வந்து நின்றுவிடாமல், அந்த வேலிக்குள் வாழும் காவலாளியின் குடிசைக் கதவையும் தட்ட வேண்டும். அங்கிருந்து ஒரு பிள்ளை புத்தகப் பையோடு அரசுப் பள்ளிக்கு வந்து சேருமானால், அது நமது இயக்கத்துக்குக் கிடைத்த வெற்றி.