அம்மா போனுக்கு எந்த சிம்?

1/ தினமும் எத்தனை ஜிபி, எந்த ஓடிடி இலவசம்? நம்மள்ல பலர் சிம் வாங்கறது இதைப் பார்த்துத்தான். வீட்ல வயசானவங்களோ, கர்ப்பிணியோ, நாள்பட்ட நோயாளியோ இருந்தா இப்படித் தேர்ந்தெடுக்கறது ஆபத்து. ஒரு அரசு டாக்டர் இதை ஏன் பேசறேன்னு கேளுங்க.

2/ ஓபி சீட்டுக்கு நீங்க தர்ற நம்பர் சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல. பயாப்சியில புற்றுநோய்னு வந்தா, சளிப் பரிசோதனையில காசநோய்னு வந்தா, ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா இருந்தா, உங்களைப் பிடிக்க முதல்ல கூப்பிடறது அந்த நம்பரைத்தான். பல நேரம் பதில் சொல்றது ரெக்கார்டிங் வாய்ஸ்: இன்கமிங் நிறுத்தி வச்சிருக்காம்.

3/ காரணம், ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு. பேலன்ஸ் இல்லாட்டியும் இன்கமிங் வந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. 2018 கடைசியில பெரிய கம்பெனிகள் 'மினிமம் ரீசார்ஜ்' கொண்டுவந்து அதுக்கு முடிவு கட்டினாங்க. இப்ப வேலிடிட்டி முடிஞ்சு சில நாள்ல, அடுத்தவங்க காசுல வர்ற அழைப்பும் கட்.

4/ மாசம்னா 30 நாள். பேக்னா 28 நாள். வருஷத்துக்கு 12 இல்ல, 13 ரீசார்ஜ். அன்னன்னிக்குக் கூலி வாங்கற வீட்ல முதல்ல தள்ளிப்போறது யாரோட ரீசார்ஜ்? பையனோடது இல்ல. பாட்டியோடது. ஆஸ்பத்திரியில கொடுத்திருக்கறதும் அந்தப் பாட்டி நம்பர்தான்.

5/ 'டேட்டா வேணாம், பேசினா போதும்'ங்கறவங்களுக்கு தனி பேக் கட்டாயம் தரணும்னு டிராய் 2024 டிசம்பர்ல விதி போட்டுச்சு. 365 நாள் வரைக்கும் வேலிடிட்டி கொடுக்கலாம். பேக்கும் வந்துச்சு. எத்தனை விளம்பரத்துல அதைப் பார்த்தீங்க? கடைக்காரர் தானா எடுத்துச் சொன்னாரா? நீங்கதான் கேட்டு வாங்கணும்.

6/ "வீட்ல வைஃபை இருக்கு, வாட்ஸ்அப்ல கூப்பிடட்டுமே." வார்டுல இருக்கறது லேண்ட்லைன், சார். அதுல வாட்ஸ்அப் வராது.

7/ அடுத்து சிக்னல். 108-க்கு மொட்டை மாடியில நின்னு பேசிட்டீங்க. அப்புறம் நெஞ்சுவலிக்காரர் பக்கத்துல இருக்கணும்னு உள்ள ஓடுவீங்க. ஆம்புலன்ஸ்காரர் எந்தத் தெருன்னு கேட்கத் திரும்பக் கூப்பிடுவார். உள்ள டவர் இல்ல. வண்டி ஊருக்குள்ள வந்தும் தெருத்தெருவா சுத்தும். மாரடைப்புல ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும்.

8/ 2024 ஜூலையில தனியார் கம்பெனிகள் விலை ஏத்தினப்ப நிறைய பேர் கோபத்துல பிஎஸ்என்எல்-க்கு மாறினாங்க. கோபம் நியாயம்தான். ஆனா மாறறதுக்கு முன்னாடி, அம்மா படுக்கற ரூம்ல டவர் எடுக்குதான்னு எத்தனை பேர் பார்த்தோம்? எந்தக் கம்பெனிக்கும் இதே கேள்விதான். ஊருக்கெல்லாம் நல்ல நெட்வொர்க்னு ஒண்ணு கிடையாது. உங்க வீட்டுக்கு நல்லதுன்னு ஒண்ணுதான் உண்டு.

9/ அதைக் கண்டுபிடிக்க:
• வேற வேற சிம் வச்சிருக்கற சொந்தக்காரங்க வரும்போது, உள்ரூம்ல கதவைச் சாத்திட்டுப் பேசிப் பாருங்க.
• கம்பெனி வெப்சைட்ல கவரேஜ் மேப் இருக்கு, பாருங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க.
• அம்மாகிட்ட பழைய 2ஜி பட்டன் போனா? ஜியோ சிம் அதுல வேலை செய்யாது. அதுக்கு 4ஜி போன் வேணும்.
• ரெண்டு சிம் போடற போன்னா, ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்கட்டும்.

10/ மாறணுமா? நம்பர் மாத்தாதீங்க, போர்ட் பண்ணுங்க. ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கற நம்பர் அப்படியே இருக்கும். இந்த உரிமை நாடு முழுக்க 2011 ஜனவரியில இருந்தே இருக்கு. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ்ல ஆரம்பிக்கலாம். ஆனா மாறும்போது சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும். பிரசவத் தேதி நெருங்கும்போதோ, ஆபரேஷன் சமயத்துலயோ வேண்டாம்.

11/ கம்பெனிகளுக்கும் டிராய்க்கும் ஒண்ணு: டேட்டாவுக்கு என்ன விலை வேணா வைங்க, பேரம் பேசிக்கறோம். இன்கமிங்ல கை வைக்காதீங்க. ஒரு ஏழை நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருக்கற கடைசிக் கயிறு அது.

12/ படிச்சு முடிச்சதும் லைக் வேண்டாம். அம்மா, அப்பா நம்பருக்கு வேலிடிட்டி என்னிக்கு முடியுதுன்னு பாருங்க. அடுத்த தடவை ஓபிக்கு வரும்போது ரெண்டு நம்பர் கொடுங்க.