மூணு பேரும் ஒத்துப்போகிற இடம்

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘நூறு’ என்போம். எவரெஸ்ட் உச்சியில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அங்கே 70 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று டீத்தூளைப் போட்டால் சாரம் இறங்காது! நம் வீட்டுக் குக்கரில் நேர் தலைகீழ். அழுத்தம் ஏறி, 120 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் விசில். ஆக, கொதிநிலை ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுகிற ஆசாமி.

உறைநிலையும் பெரிய யோக்கியன் இல்லை. அழுத்தம் மாறினால் துளி நகரும். தண்ணீரில் காற்று கரைந்திருந்தால் இன்னும் துளி. எல்லாம் சேர்த்து டிகிரியில் நூறில் ஒரு பங்குதான். ஜூஸில் போடுகிற ஐஸுக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? ஆனால் உலகத்துத் தெர்மாமீட்டர்களுக்கெல்லாம் படிக்கல் வைத்துக் கொடுக்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

அவர்கள் கண்டுபிடித்த நாணயஸ்தன்தான் மும்மைப் புள்ளி.

ஒரு கண்ணாடிக் குடுவையில் சுத்தமான தண்ணீர். காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, கண்ணாடியை உருக்கி வாயை அடைத்துவிடுவார்கள். நடுவில் உள்ள குழாயில் உலர் பனிக்கட்டியைப் போட்டால் அதைச் சுற்றி உள்பக்கம் ஐஸ் படியும். இப்போது ஐஸ், தண்ணீர், ஆவி மூணும் ஒரே வீட்டில். இந்தக் கூட்டணி கலையாதவரை வெப்பநிலை 0.01 டிகிரி செல்சியஸ். அழுத்தம் சுமார் 611 பாஸ்கல். வெளியிலிருந்து கொஞ்சம் சூடு புகுந்தால்? கொஞ்சம் ஐஸ் உருகி அதைச் சாப்பிட்டுவிடும். டிகிரி அசையாது.

ஏன் இத்தனை பிடிவாதம்? அமெரிக்காவின் வில்லார்டு கிப்ஸ் 1870-களில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு நிலைகள் மட்டும் சேர்ந்திருந்தால் தண்ணீருக்கு ஒரு சுதந்திரம் பாக்கி இருக்கும். குக்கரும் எவரெஸ்ட்டும் விளையாடுவது அந்த இடத்தில்தான். மூணும் சேர்ந்தால் சுதந்திரம் பூஜ்யம். அடியேன் பி.காம்.! எனக்குப் புரிந்தது இப்படி: சொத்தும் கடனும் தெரிந்த பிறகு பாலன்ஸ் ஷீட்டில் முதலை நம் இஷ்டத்துக்கு எழுத முடியுமா?

‘மும்மைப் புள்ளி’ என்று 1873-ல் பேர் வைத்தவர் ஜேம்ஸ் தாம்சன். இவருடைய சொந்தத் தம்பி வில்லியம்தான் பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர். 1954-ல் எடைகள், அளவுகளுக்கான சர்வதேச மாநாடு கூடி, தம்பி பேரில் உள்ள அளவை அண்ணன் பேர் வைத்த புள்ளியின் மேல் தூக்கி வைத்தது. மும்மைப் புள்ளி என்றால் 273.16 கெல்வின். தசமத்துக்குப் பின்னால் எத்தனை இடம் போனாலும் பூஜ்யம்தான், பேச்சே கிடையாது! இதில் பெரிய சௌகரியம் ஒன்று. கிலோகிராமுக்கு 2019 வரை பாரிஸ் பக்கத்தில் பூட்டி வைத்திருந்த ஓர் உலோகத் துண்டுதான் கதி. கெல்வினுக்கு அந்த அவஸ்தை இல்லை. எந்த நாட்டுக்காரனும் தன் சோதனைச்சாலையிலேயே குடுவை தயார் பண்ணிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு வில்லங்கம். சுத்தமான தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கடல் தண்ணீரில் ஒரு விகிதம், மழைத் தண்ணீரில் வேறு விகிதம். அதனால் புள்ளி ஒரு டிகிரியில் லட்சத்தில் சில பங்கு தள்ளிப் போகிறது. 2005-ல் கமிட்டி உட்கார்ந்து அந்த விகிதத்தையும் எழுதி வைத்தது. அப்படியும் தலைவலி தீரவில்லை. 2019 மே 20 முதல் கெல்வினுக்கு ஆதாரம் போல்ட்ஸ்மன் மாறிலி என்ற எண்தான் என்று மாற்றிவிட்டார்கள்.

மும்மைப் புள்ளிக்குப் பதவி போயிற்று. இன்றைக்கும் அது 273.16-தான், ஆனால் பக்கத்தில் ‘டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பு தொங்குகிறது. பதவிதான் போயிற்றே தவிர, வேலை போகவில்லை. சோதனைச்சாலைகளில் பிளாட்டினம் தெர்மாமீட்டரைச் சரிபார்க்க இன்னமும் அந்தக் குடுவைக்குள்தான் விடுகிறார்கள். போல்ட்ஸ்மன் மாறிலிக்குள் தெர்மாமீட்டரை முக்க முடியாதே, சார்!