முதலில் அட்டைகள், பிறகு கணினி

செயற்கை நுண்ணறிவும், சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும் கணினிச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்திருக்கிறது. ‘கணினிக்கு எங்கே போவது?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. நியாயம்தான். பள்ளிகள் குறித்த மத்திய அரசின் 2023-24 யுடைஸ் தரவின்படி, நாட்டில் கணினி வசதியுள்ள பள்ளிகள் சுமார் 57 சதவீதமாகவே இருந்தன. ஆனால், தொடக்க வகுப்புகளில் இந்தப் பாடத்துக்குக் கணினியே வேண்டாம். கணினி இருக்கும் பள்ளியிலும் அதை மூடிவைத்துவிட்டுத் தொடங்குவதே சரி.

இது கணினி இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு அல்ல. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோருடன் இணைந்து 1990களில் உருவாக்கிய, கணினி இல்லாமலே கணினி அறிவியலைக் கற்பிக்கும் ‘சிஎஸ் அன்பிளக்டு’ பயிற்சிகள், கணினிக்குப் பஞ்சமில்லாத நாடுகளின் வகுப்பறைகளிலும் நடக்கின்றன.

அவற்றில் ஒன்று இது. ஒருபுறம் வெள்ளை, மறுபுறம் கறுப்பு கொண்ட 25 அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக, தன் இஷ்டப்படி ஒரு மாணவி பரப்புகிறாள். “இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோமா?” என்று ஆசிரியர் கூடுதலாக ஒரு வரிசையையும் ஒரு நிரலையும் சேர்க்கிறார். அவர் முதுகைக் காட்டி நிற்கும்போது மாணவி ஏதோ ஓர் அட்டையைப் புரட்டிவிடுகிறாள். திரும்பிய ஆசிரியர் சரியாக அதைத் தொட்டுக் காட்டுகிறார். சூட்சுமம் எளிது: ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையில் வருமாறு அவர் சேர்த்திருந்தார். புரட்டப்பட்ட அட்டையின் வரிசையும் நிரலும் மட்டும் ஒற்றைப்படையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அனுப்பிய தகவலில் பிழை நேர்ந்ததா என்று கணினிகள் சரிபார்க்கும் முறைகளில் இதுவும் ஒன்று. சூட்சுமத்தை ஆசிரியர் உடைக்காமல், பிள்ளைகளே மோதிக் கண்டுபிடிக்க விட வேண்டும். பொறுமை வேண்டும், பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அதுதான் முதலில் காணாமல்போகிறது.

“அரசுப் பள்ளிக்கு அட்டை, தனியார் பள்ளிக்கு மடிக்கணினியா?” என்று கேட்பவர்களின் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. சிக்கனத்துக்குச் சாக்குத் தேடும் அரசுகளை நாம் பார்த்திருக்கிறோம். கணினி ஆய்வகங்களுக்கான நிதியில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. நிரல் எழுதக் கற்கும் வயதில் விசைப்பலகை கைக்கு வந்தே ஆக வேண்டும். அட்டையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

நமக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ‘கணினிச் சிந்தனை என்றால் என்ன? அதன் கூறுகள் யாவை?’ என்று இரண்டு மதிப்பெண் வினாவாகி, நோட்ஸில் அடைபட்டுவிடக் கூடாது. எனவே, பாடநூல் அச்சாகும் முன்பே, குறுவள மையப் பயிற்சிகளில் ஆசிரியர்கள் இந்த அட்டைகளைத் தாங்களே புரட்டி விளையாடிப் பார்க்கட்டும். வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். ஐந்தாம் வகுப்பு வரை இதற்குத் தேர்வு வைக்காதீர்கள்.