ஆறேகால் மணி

ஜூன் மாதத்தில் மாலை 6.15-க்கு கள்ளக்குறிச்சிப் பக்கத்து வடக்கனந்தல் கடைவீதியில் நின்றால், சாலையின் அந்தப் பக்கம் வருபவரின் முகம் தெளிவாகத் தெரியும். சூரியன் மறைய இன்னும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதே இடத்தில் நவம்பர் 20 வாக்கில், அதே 6.15-க்கு, ஆள் வருகிறார் என்பதே அருகில் வந்த பிறகுதான் புலப்படும். சூரியன் 5.45-ஐ ஒட்டியே மறைந்துவிடுகிறது. நம் ஊர்ப் பக்கம் அந்தி வெளிச்சம் அதிக நேரம் நின்று நிதானிப்பதில்லை. கல்வராயன் மலை மேற்கே நிற்பதால் நேர் வெயில் பஞ்சாங்கக் கணக்குக்கு முன்பே போய்விடும்.

ஆண்டுதோறும் மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் மேற்கத்திய நாடுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்துவது பற்றிய வாதம் கிளம்புகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் இந்த வழக்கத்தைக் கைவிட வாக்களித்தது. உறுப்பு நாடுகள் உடன்படாததால் அது அப்படியே நிற்கிறது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. இந்தியாவில் இப்படிப் பருவத்துக்குப் பருவம் நேரம் மாற்றுவது இல்லை என்பதால், நம் சாலைத் துறையினர் பலர் இதை வெளிநாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அங்கே சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்த ஒரு மணி நேர மாற்றத்திலிருந்து கற்றுக்கொண்டது நமக்கும் தேவைப்படுகிறது. அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம்.

அவர்கள் செய்தது எளிமையானது. கடிகாரம் மாறும் வாரத்தில் போக்குவரத்து ஏறக்குறைய அதேதான். அலுவலகம் முடியும் மணியும் அதேதான். மாறுவது வெளிச்சம் மட்டும். ஆகவே மாற்றத்துக்கு முந்தைய வாரங்களையும் பிந்தைய வாரங்களையும் ஒரே மணிக்கு ஒப்பிட்டால், இருட்டு தனியாக எத்தனை உயிரைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சல்லிவனும் ஃபிளானகனும் 2002-இல் இந்த முறையில்தான் கணக்கிட்டார்கள். இருட்டில் நடந்து செல்பவர் சாகும் அபாயம் வெளிச்சத்தில் இருப்பதைப் போல மூன்று முதல் ஏழு மடங்கு என்று அவர்களுக்குக் கிடைத்தது. 1995-இல் வெளியான ஃபெர்குசன் குழுவின் ஆய்வு இன்னொரு கணக்குச் சொன்னது: 1987 முதல் 1991 வரை ஆண்டு முழுவதும் கோடை நேரமே இருந்திருந்தால் அமெரிக்காவில் 901 மரண விபத்துகள் குறைந்திருக்கும், அவற்றில் 727 விபத்துகள் நடந்து செல்பவர்கள் சம்பந்தப்பட்டவை. காருக்குள் இருப்பவரை விட, விளக்கில்லாமல் நடப்பவரையே இருட்டு அதிகம் பறிக்கிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று தேவையில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 60 கி.மீ. வேகத்துக்கு நாம் வடிவமைக்கும் நிறுத்தப் பார்வைத் தூரம், அதாவது தடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம், 80 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கில் கறுப்புச் சட்டை போட்ட ஆள் அதில் பாதித் தூரத்தில்கூட ஓட்டுநர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. வளைவும் ஏற்றமும் சரியாக அமைந்த சாலையில்கூட, இருட்டிவிட்டால் அந்த 80 மீட்டர் வரைபடத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்திய நேரத்தையே முன்னால் தள்ளிவிடலாமே என்று ஒரு கேள்வி வரும். திலீப் அகுஜா, சென்குப்தா இருவரும் நாடு முழுவதும் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தலாம் என்று மின்சேமிப்பை முன்வைத்து வாதிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஓடியது. அண்டை நாட்டு அனுபவம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. மின்தட்டுப்பாட்டில் தவித்த இலங்கை 1996 மே 25-ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தது. அக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளைகள் விடியும் முன்னே பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்ற முறையீடு ஓயவே இல்லை.

நம் அட்சரேகையில் இது தவிர்க்க முடியாதது. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். கள்ளக்குறிச்சிப் பக்கம் அது ஒன்றேகால் மணியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மாலையில் கொடுப்பதைக் காலையில் பிடுங்கித்தான் கொடுக்க முடியும். இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால், வடக்கனந்தலில் சூரியன் ஏற்கெனவே கடிகாரத்துக்குப் பதினான்கு நிமிடம் பின்தங்கியே வருகிறது. ஜனவரி பிற்பகுதியில் விடிவதே 6.40-ஐ ஒட்டித்தான். அரை மணி தள்ளினால் 7.10 ஆகும். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர், முதல் பஸ்ஸைப் பிடிக்க நடப்பவர், தைப்பூசத்துக்குச் சாலையோரமாக நடக்கும் பாதயாத்திரை பக்தர், சிறப்பு வகுப்புக்குப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளை எல்லோரும் அப்போது இருட்டில் இருப்பார்கள். கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஆனால் அந்த ஆய்வு முறையை நாம் எடுத்துக்கொள்ள முடியும். ஜூன் 6.15-இல் வெளிச்சம், நவம்பர் 6.15-இல் இருட்டு என்ற சோதனையை இயற்கையே ஆண்டுதோறும் நமக்கு நடத்திக் காட்டுகிறது. மின்னணு விபத்துப் பதிவில் உள்ள விவரங்களை எடுங்கள். மாலை 5.50 முதல் 6.40 வரை நடந்தவற்றை ஜூன், ஜூலைக்கு ஒரு கட்டம், நவம்பர், டிசம்பருக்கு ஒரு கட்டம் என்று பிரியுங்கள். நடந்து சென்றவர்களைத் தனியே எண்ணுங்கள். நவம்பரில் மழையும் உண்டு, சாலையில் வரும் வண்டிகளும் வேறு. அதனால் இரு பருவத்திலும் வெளிச்சமாகவே இருக்கும் 4.15 முதல் 5.05 வரையிலான எண்ணிக்கையை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பேரூராட்சியின் எண்ணிக்கை எதையும் நிரூபிக்கப் போதாது. மாவட்ட அளவில் ஐந்தாண்டு சேர்த்தால்தான் உருவம் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் நேரம் பெரும்பாலும் 'மாலை சுமார் 6 மணி' என்று முழு எண்ணாக விழுகிறது. 5.40-ஆ 6.20-ஆ என்பதில்தான் நம் கேள்வியே அடங்கியிருக்கிறது. 108 ஆம்புலன்சுக்கு அழைப்பு வந்த நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. அதைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். 'விளக்கு உண்டா' என்ற கட்டத்தில் கம்பம் இருக்கிறதா என்று பார்த்து 'ஆம்' போட்டால் போதாது, அந்த நேரத்தில் எரிந்ததா என்று விசாரித்துப் போட வேண்டும்.

நாடு முழுவதும் 2022-இல் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மாலை 6 முதல் 9 வரையிலான மூன்று மணி நேரத்தில் மட்டும் மொத்த விபத்தில் ஐந்தில் ஒரு பங்கு நடக்கிறது. இந்த மூன்று மணி நேரத்தை ஒரே கட்டமாக அச்சிடும் வரை, அந்தியின் முதல் அரை மணியில் என்ன நடக்கிறது என்பது அதற்குள் புதைந்தே கிடக்கும்.

தெருவிளக்கு விஷயத்துக்கு ஆய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. டைமரில் 6.30 என்று ஒருமுறை வைத்துவிட்டால் ஜூனில் அது பொருந்தும். நவம்பரில் முக்கால் மணி நேரம் கம்பங்கள் சும்மா நிற்கும். ஊராட்சிகளில் தண்ணீர் திறக்கும் ஆபரேட்டரே சுவிட்ச் போடும் இடங்களில் அது அவர் வரும் நேரத்தைப் பொறுத்தது. சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர்கள் கடையில் கிடைக்கின்றன. வாங்கும் வரை, அக்டோபர் கடைசியில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை கையால் திருத்தலாம். பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், கோமுகி அணைக்குத் திரும்பும் இடம் ஆகியவற்றின் கம்பங்களைத் தனி இணைப்பில் வைத்து முன்னதாகவே எரியவிடலாம்.

கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவையும் சீக்கிரம் இருட்டும் மாதங்களில்தான் சூடு பிடிக்கிறது. லோடு ஏற்றிய ட்ரெய்லரின் பின்பக்கத்தில் தோகை தொங்கி, இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டரையும் மூடிவிடுகிறது. அந்த வண்டி தார் ஓரத்தில் நின்றால், பின்னால் வரும் பைக் ஒதுங்க, நடப்பவர் பள்ளத்தில் இறங்க வேண்டியதாகிறது. ஆலை வாசலில் எடை போடும் வரிசையிலேயே, லோடுக்கு மேலே தெரியும்படி மிளிரும் பட்டை கட்டிய கம்பு ஒன்றை ஒவ்வொரு வண்டிக்கும் கொடுத்தனுப்ப முடியும். அடுத்த நடைக்கு வரும்போது அது இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கோட்டப் பொறியாளர், பேரூராட்சி செயல் அலுவலர், ஆலை நிர்வாகம் மூவரும் அரவை தொடங்கும் முன், அக்டோபரிலேயே ஒரு நாள் மாலை 5.45-க்கு ஆலைக்கு வண்டிகள் வரும் சாலையில் சேர்ந்து நடந்து பார்க்கக் கோருகிறோம். பார்த்தவற்றை எழுதி அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.